தண்ணீரும் சாட்சியும் – 14: முதலில் இறங்கிய மகன்

1525-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஜூரிச் நகரத்து வீடொன்றில் இரவில் கூடிய சில வாலிபர்கள், சிசுப் பருவத்தில் தாங்கள் அறியாமலே பெற்ற ஞானஸ்நானம் போதாதென்று தீர்மானித்து ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டதையும், அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை இரண்டு வருஷங்களுக்குப் பின் அந்நகரத்தார் லிம்மட் நதியில் அமிழ்த்திக் கொன்றதையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். சென்ற வாரம், இங்கிலாந்துத் திருச்சபையில் குழந்தையாயிருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றிருந்த வில்லியம் கேரி என்ற செருப்புத் தைக்கும் வாலிபர், 1783-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி நார்த்தாம்ப்டன் நகரத்து நேனே நதியில் தம் சொந்த விருப்பத்தின்பேரில் மூழ்கி எழுந்த காட்சியோடு நிறுத்தினோம்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றைக்கும் எழுகிற ஒரு கேள்விக்கு வேர் தேடியே இத்தொடரை ஆரம்பித்தோம் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொழிற்பேட்டை வேலையையோ டாங்கித் தொழிற்சாலை வேலையையோ நம்பித் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தகப்பனார், ஊரிலிருந்து கொண்டுவந்த வேதாகமத்துக்குள் பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழை மடித்து வைத்திருப்பார். அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்லூரித் தோழரோடு வேறொரு சபைக்குப் போய், பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் அடியில் தெரிகிற தண்ணீர்த் தொட்டியைக் கண்டு வந்து, "அப்பா, நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன்" என்று சொல்லும். "அப்படியானால் நாங்கள் கொடுத்தது என்ன?" என்று கேட்கிற தகப்பனாரின் குரலில் கோபத்தைக் காட்டிலும் துயரமே மிகுதி.

கேரி தமக்காகச் செய்த தீர்மானம் கடினமானதுதான். ஆனால் அத்தகைய மனிதர் தாமே ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகும்போது என்ன நேரிடுகிறது? விசுவாசத்தைச் சொந்தமாகத் தேடிக்கொண்ட தந்தையின் வீட்டில், அது வாசலிலேயே கிடைக்கிறபடியாக வளர்கிற மகன், எப்போது, எதைக்கொண்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறான்?

இந்தக் கேள்விக்கு நம் தேசத்திலேயே, வங்காளத்து ஹூக்ளி நதியின் கரையிலே, ஒரு விடை எழுதப்பட்டது.

டேனிஷ் கொடியின் நிழலில்

நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அந்நாளில் டென்மார்க் அரசருக்குச் சொந்தமான ஊர். தங்கள் ஆட்சிக்குட்பட்ட பிரதேசங்களில் மிஷனெரிகள் நடமாடுவதைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பாதபடியால், 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வந்து சேர்ந்த யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் முதலியோர் கல்கத்தாவில் இறங்காமல் இந்தச் சிற்றூரிலே அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுக்கு முன்பே மிஷனெரியாக வந்து, அதுவரை உள்நாட்டில் அவுரிச் சாலையொன்றை மேற்பார்த்துக்கொண்டு வேதத்தை வங்காளியில் பெயர்த்துவந்த கேரி, 1800-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி குடும்பத்தோடு வந்து அவர்களுடன் சேர்ந்தார்.

அந்தக் குடும்பத்தின் நிலைமை பரிதாபகரமானது. 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் நோயினால் இறந்தது முதல் தாயார் டோரத்தியின் சித்தம் கலங்கிவிட்டது. பகலில் தொழிற்சாலைக் கணக்கும் இரவில் மொழிபெயர்ப்புமாக உழைத்த தகப்பனாருக்குப் பிள்ளைகளைக் கண்டிக்கப் பொழுதுமில்லை, அவருடைய மென்மையான சுபாவத்துக்கு அது கூடியதுமில்லை. உலகத்துக்கெல்லாம் சுவிசேஷம் சொல்ல வந்தவருடைய வீட்டில், மூத்த மகன் ஃபீலிக்ஸும் அவன் தம்பிமாரும் கட்டுக்கடங்காதவர்களாக வளர்ந்திருந்தார்கள்.

கேரியின் பெருமையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துபோவதுண்டு. நாம் நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் கிறிஸ்தவக் குடும்பம் என்று சொல்லும்போது, ஜெபமும் ஒழுங்கும் நிறைந்த ஒரு வீட்டையே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஃபீலிக்ஸ் வளர்ந்த வீடு அத்தகையதன்று.

அச்சுக்கூடத்தில்

மகனைத் திருப்பியவர் தகப்பனார் அல்லர்.

டெர்பி நகரத்தில் அச்சுத் தொழில் பயின்று பத்திரிகையும் நடத்திவந்த வில்லியம் வார்டுக்கு அப்போது வயது முப்பதுக்குச் சற்று மேல். செராம்பூரில் அச்சியந்திரம் நிறுவப்பட்டு, 1800-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் வங்காளித் தாள் அதிலிருந்து வெளிவந்தபோது, எழுத்துக் கோக்கும் வேலையில் வார்டின் பக்கத்தில் நின்ற கைகளில் ஃபீலிக்ஸின் கைகளும் உண்டு. பதினான்கு பதினைந்து வயதுப் பையன். வங்காளி மொழியோ அவனுக்கு விளையாட்டுத் தோழர்களிடமிருந்து வந்த சகஜமான பேச்சு.

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகப் படித்து, வரியாக அடுக்கி, பிழை கண்டால் மறுபடியும் பிரித்துக் கோக்கிற அந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. ஒரு வசனத்தைக் கோக்கிறவன் அதைப் பத்துத் தரமாவது கண்ணால் கடந்தாகவேண்டும். மார்ஷ்மனின் மனைவி ஹன்னா அம்மையார் தாயின் ஸ்தானத்திலிருந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள, வார்ட் ஒரு தமையனைப் போல ஃபீலிக்ஸைத் தன்னுடன் வைத்துக்கொண்டு, வேலையில் பேசுவதும் மாலையில் ஊருக்குள் அழைத்துச் செல்வதுமாக இருந்தார். அந்த வருஷம் முடியுமுன் பையனுடைய நடத்தை மாறிற்று. ஞானஸ்நானம் பெறவேண்டுமென்ற விருப்பமும் அவனிடம் உண்டாயிற்று.

நான் இந்த விருத்தாந்தத்தைப் படிக்குந்தோறும் என் மனத்தில் தங்குவது இதுதான்: பெற்றோருடைய விசுவாசம் பிள்ளைக்குப் பெற்றோர் வழியாகவே வரவேண்டுமென்ற நியதியில்லை. அதே வீட்டுக்கு வந்து போகிற ஒரு வாலிபர், ஓய்வுநாள் பள்ளியின் ஓர் ஆசிரியை, இவர்களிடத்தில் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வியைத் தகப்பனாரிடத்தில் கேட்கமாட்டான். அதனால் தகப்பனாருக்குக் குறைவில்லை. கேரி இதில் மனஸ்தாபப்பட்டதாக எங்கும் காணோம்.

தச்சனின் தோள்

இதே காலத்தில், மிஷன் வீட்டுக்குச் சமீபத்தில் வேறொரு மனிதருடைய வாழ்வும் திரும்பிக்கொண்டிருந்தது.

1800-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, கிருஷ்ண பால் என்ற தச்சர் நதியில் ஸ்நானம் செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்து தோள் எலும்பை விலக்கிக்கொண்டார். மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜான் தாமஸ் ஓடிவந்து, அவரை ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டி, கேரியும் மார்ஷ்மனும் உதவிசெய்ய எலும்பை அதன் இடத்தில் பொருத்தினார். வலியிலே அழுத தச்சரிடத்தில், தாமும் கண்ணீரோடு பாவத்தையும் இரட்சிப்பையும் குறித்துத் தாமஸ் பேசினார். அன்று முதல் கிருஷ்ண பால் மிஷன் வீட்டுக்கு வந்துபோகலானார். அவருக்கு உபதேசித்தவர்களில் வார்டும், அவரோடுகூட ஃபீலிக்ஸும் இருந்தார்கள். தானே இன்னும் ஞானஸ்நானம் பெறாத பையன், தன்னைவிட இருபது வயது மூத்த ஒருவரோடு அமர்ந்து அதே விஷயத்தைப் பேசினான்.

டிசம்பர் 22-ஆம் தேதி, கிருஷ்ண பாலும் அவருடைய சிநேகிதர் கோகுலும் மிஷனெரிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஜாதி போய்விட்டதென்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. பெருங்கூட்டம் திரண்டு இருவரையும் டேனிஷ் நீதிபதியிடம் இழுத்துச் சென்றது. அவர்கள்மேல் குற்றமொன்றும் காணாத நீதிபதி அவர்களை விடுவித்தார். எனினும் பயம் தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. ஞானஸ்நானத்துக்கென்று குறிக்கப்பட்ட நாள் நெருங்கியபோது கோகுல் பின்வாங்கினார். கிருஷ்ண பாலின் மனைவியும் மைத்துனியும் இப்போது வேண்டாமென்றார்கள்.

நால்வராக இருந்தவர்களில் ஒருவரே மிஞ்சினார்.

1800, டிசம்பர் 28

ஞாயிற்றுக்கிழமை. சிற்றாலயத்தில் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் மிஷன் வாசலுக்கெதிரே இருந்த படித்துறைக்கு நடந்தார்கள். நடுவிலே கேரி; அவருக்கு ஒரு புறத்தில் மகன் ஃபீலிக்ஸ், மறுபுறத்தில் கிருஷ்ண பால்.

படித்துறையில் கவர்னர் கர்னல் பீ இருந்தார். ஐரோப்பியரும் போர்ச்சுகீசியரும் இந்துக்களும் முஸ்லிம்களுமாகப் பெருந்திரள் கூடியிருந்தது. அது கங்கையின் கிளை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஜனங்கள் புண்ணியம் தேடி மூழ்கிய நீர். ஆகையால் கேரி முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினார்: இந்தத் தண்ணீரில் தெய்வத்தன்மை ஏதுமுண்டென்று தாங்கள் எண்ணவில்லை, இதில் இறங்குகிறவன் தன் மனத்தில் நிகழ்ந்ததையே இதனால் வெளியிடுகிறான் என்பது அவர் பேச்சின் சாரம்.

அதன்பின் அவர் நதியில் இறங்கினார்.

கூட்டத்தின் கண்களெல்லாம் தச்சர்மேல் இருந்தன. ஏழு வருஷமாக இந்த நாட்டில் உழைத்தும் வங்காளி ஒருவரையும் சேர்த்துக்கொள்ள முடியாதிருந்த கேரியின் உள்ளமும் அவரையே நாடியிருக்கும் என்று நாம் நினைக்கலாம். ஆனால் முதலில் அவர் கைப்பிடித்து இறக்கியது தம் மகனை. ஆங்கிலத்திலே வார்த்தைகளைச் சொல்லி, தாம் பதினேழு வருஷங்களுக்கு முன் நேனே நதியில் மூழ்கியபடியே, அவனை ஹூக்ளியில் மூழ்கச் செய்து எழுப்பினார். அடுத்துக் கிருஷ்ண பால் இறங்கினார். அதே தண்ணீர், அதே கைகள், வார்த்தைகள் மாத்திரம் வங்காளியில்.

கவர்னர் கண்ணீர் விட்டார். அன்று பிற்பகல் திருவிருந்து முதன்முறையாக வங்காளி மொழியில் நடைபெற்றது.

சரித்திரம் கிருஷ்ண பாலின் பெயரை எழுதிக்கொண்டது; அது நியாயமே. இழந்தவர் அவர், ஜாதியை, உறவை, ஊராரின் மதிப்பை எல்லாம் அந்தப் படித்துறையில் விட்டுவிட்டு இறங்கியவர். ஃபீலிக்ஸ் இழந்தது என்ன? வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை. மிஷனெரியின் மகன் ஞானஸ்நானம் பெற்றான், அவ்வளவுதான்.

ஆனால் நான் அந்தப் பையனை அவ்வளவு எளிதில் விட்டுவிட இயலாது. புறச் சமயத்திலிருந்து வருகிறவரின் தீர்மானத்தை உலகம் உடனே பரீட்சித்துவிடுகிறது. கூட்டம் திரள்கிறது, நீதிபதி விசாரிக்கிறார், மனிதர் நிற்கிறாரா ஓடுகிறாரா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடுகிறது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையின் தீர்மானத்தைப் பரீட்சிக்க ஒருவரும் வருவதில்லை. தகப்பனார் மகிழ்கிறார், சபை மகிழ்கிறது, பிள்ளை தன் மனத்தைத் தானே சோதித்துக்கொண்டாலொழிய, மற்றவர்களுடைய மகிழ்ச்சியையே தன் விசுவாசமென்று எண்ணிக்கொள்ளவும் கூடும். அந்தச் சோதனை அவனுக்குப் பிற்பாடு, ஒருவரும் இல்லாத இடத்தில், தனியே வரும்.

பூட்டிய அறை

அந்த நாளின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமலிருப்பது அநீதி. தாம் பதினேழு வருஷம் காத்திருந்த பலனைக் கண்ட ஆனந்தத்தின் மிகுதியால் வைத்தியர் தாமஸின் புத்தி தடுமாறிவிட, அவரை ஓர் அறையில் வைத்துக் காக்கவேண்டியதாயிற்று. மற்றோர் அறையில் ஃபீலிக்ஸின் தாயார். படித்துறையில் கீர்த்தனம் எழும்பிய நேரத்தில் அவ்விருவருடைய கூக்குரலும் வீட்டினுள்ளிருந்து கேட்டதாக உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

டோரத்தி அம்மையார் மகனுடைய ஞானஸ்நானத்தைக் காணவில்லை. 1807-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இறக்கும்வரை அவருடைய சித்தம் தெளியவுமில்லை.

தமிழ்நாட்டில் அப்போது

நம் பக்கத்து நிலைமை முற்றிலும் வேறு. 1707-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது முதல், செராம்பூரில் இது நடந்த காலத்துக்குள், தமிழ்ச் சுவிசேஷ சபைகளில் மூன்று நான்கு தலைமுறைகள் தோன்றிவிட்டன. அவர்களுக்குள் குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். பிள்ளை வளர்ந்ததும் உபதேசம் கற்று, பெற்றோர் தனக்காகச் செய்த பிரதிக்கினையைத் தன் வாயால் ஏற்றுக்கொள்ளும் திடப்படுத்தலே, செராம்பூரில் தண்ணீர் செய்ததைச் செய்யவேண்டிய சடங்கு. நம் ஆலயங்களில் திடப்படுத்தலுக்கு உட்காருகிற பிள்ளைகளின் வயதும் ஏறக்குறைய ஃபீலிக்ஸின் வயதே.

மிஷனெரியின் மகனும் நாட்டுத் தச்சரும் ஒரே துறையில் இறங்கி, அன்று பிற்பகலே ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டது போன்ற காட்சி தஞ்சாவூரிலோ வேப்பேரியிலோ அந்நாளில் எளிதில் காணக்கூடியதன்று. ஆலயத்துக்குள் ஜாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கத்துக்கு எதிராக பிஷப் டேனியல் வில்சனின் கட்டளை 1833-இல்தான் வந்தது. வந்தபின்னும் தஞ்சைச் சபையில் அது எழுப்பிய கலகம் நெடுநாள் அடங்கவில்லை. குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, ஜாதியையும் கூடவே பெற்றுக்கொண்டவர்களுக்கு, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டிய துறை எதுவென்பதை நம் சபைகள் தங்களைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது என் துணிபு.

பிற்காலத்தில் 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அதில் இணைந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் யாவும் சிசு ஞானஸ்நானத்தைக் கைக்கொண்டவை. கேரியின் மரபினரான பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. 1970-இல் நாகபுரியில் உருவான வட இந்தியத் திருச்சபையிலோ பாப்டிஸ்டுகளும் சேர்ந்தபடியால், இரண்டு வழிகளுக்கும் ஒரே சபைக்குள் இடம் கிடைத்தது. அம்பத்தூர்த் தகப்பனாரின் துயரத்துக்கு ஒரு காரணம் இந்த வித்தியாசம். அதை உரிய இடத்தில் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கப்பலும் சென்னைத் துறையும்

செராம்பூர்ச் சம்பவத்துக்குப் பதினோரு வருஷங்களுக்குப் பின், 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில், காங்கிரிகேஷனல் சபைப் போதகரின் மகனான இருபத்துமூன்று வயது அடோனிராம் ஜட்ஸனும், இரண்டு வாரங்களுக்கு முன் அவரை மணந்திருந்த ஆன் அம்மையாரும் இருந்தார்கள். வங்காளத்தில் பாப்டிஸ்டுகளைச் சந்திக்க நேருமே, அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று கப்பலிலே ஞானஸ்நானத்தைப் பற்றி ஆராயத் தொடங்கிய ஜட்ஸன், எதிர்க்கட்சியை மறுக்க ஆதாரம் தேடப்போய் அதன் நியாயத்திலே சிக்கிக்கொண்டார். நீங்கள் பாப்டிஸ்டானால் நான் ஆகமாட்டேன் என்று மறுத்துவந்த ஆன், தாமும் வேதத்தை வைத்துக்கொண்டு தனியே ஆராய்ந்து, கடைசியில் அதே முடிவுக்கு வந்தார்.

அந்த முடிவின் விலை சிறிதன்று. தந்தையின் சபை, அனுப்பிய சங்கம், மாதச் சம்பளம், சிநேகிதர் யாவும் போய்விடும். 1812-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் இருவரும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர், அச்சுக்கூடத்தில் ஃபீலிக்ஸைத் தன்னருகே நிறுத்திக்கொண்ட அதே வில்லியம் வார்ட்.

கம்பெனியார் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். மொரீஷியஸ் தீவுக்குத் தப்பிச் சென்ற தம்பதிகள், அங்கிருந்து 1813-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் நம் சென்னப்பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பல் கடலில் நிற்க, அலையேறிச் செல்லும் மசூலாப் படகில்தான் அந்நாளில் கரை சேரவேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த லவ்லெஸ் ஐயரின் வீட்டில் அன்பான உபசாரம் கிடைத்தது. ஆயினும் அவர்கள் வந்த சேதி போலீசாருக்கு எட்டிவிட்டது. கம்பெனியார் பிடித்தால் இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். துறையில் உடனே புறப்படக்கூடிய கப்பல் ஒன்றே ஒன்று இருந்தது. அது போகும் இடம் ரங்கூன்.

ஜூன் 22-ஆம் தேதி அவர்கள் அதில் ஏறினார்கள். மூன்று வாரம் கழித்து, பிரயாணத்தின் துன்பத்தால் எழுந்து நிற்கவும் சக்தியற்றிருந்த ஆன் அம்மையாரோடு ஜட்ஸன் ரங்கூனில் இறங்கியபோது, அவர்களுக்குத் திறந்த வீடு ஒன்றுதான்: ஃபீலிக்ஸ் கேரியின் வீடு.

ஃபீலிக்ஸ் அங்கே இல்லை. 1807-ஆம் வருஷத்தில் பர்மாவுக்குப் போய், அம்மை குத்தும் வித்தையை அந்நாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தியரென்று பெயர்பெற்ற அவரை, அரசர் தம் ஆவா அரசவைக்கு அழைத்திருந்தார். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய மனைவி விருந்தாளிகளை வரவேற்றார்.

அடுத்த வருஷம், 1814-இல், குடும்பத்தையும் அச்சியந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு ஆவாவுக்குச் சென்ற ஃபீலிக்ஸின் படகு ஐராவதி நதியில் கவிழ்ந்தது. மனைவியும் பிள்ளைகளும் நீரில் போனார்கள். அவர் நெடுநாள் பாடுபட்டு எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் போயின. உயிரோடு கரையேறியவர் அப்போது மிஷன் வேலைக்குத் திரும்பவில்லை. பர்மா அரசரின் தூதராகக் கல்கத்தாவுக்கு வந்தார். மகன் உயர்ந்துவிட்டானென்று ஊரார் சொல்ல, விழுந்துவிட்டானென்று தகப்பனார் வருந்தினார்.

பதினைந்து வயதில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கச் செய்த தீர்மானம், எல்லாவற்றையும் இழந்து நின்ற அந்த மனிதரிடத்தில் இன்னும் எஞ்சியிருந்ததா?

(தொடரும்)